மேலே ஒரு ஓட்டு, கீழே ஒரு ஓட்டு

நான் கல்லூரியில் கடைசி வருடம் கணக்குப் படித்துக்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு தாளைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டினார்கள். குடிமைக் கல்வி என்று பேர். அதில் வாங்குகிற மார்க் மொத்தத்தில் சேராது. ஆனால் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. மொத்தத்தில் சேராத மார்க்குக்காக மொத்தத்தையும் எப்படி நிறுத்தி வைக்கலாம் என்று எழுந்து கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அது அப்படித்தாம்மா, உட்காரு" என்றார் சார். அன்று ஆரம்பித்த குழப்பம் இன்றுவரை முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் புத்தகத்தை விட்டு இறங்கி நடக்கத் தெரியாதவர். முதல் வகுப்பில் வாக்குரிமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், போகிற போக்கில், "உங்க வீட்டுல யாருக்காவது ரெண்டு இடத்துல ஓட்டு இருக்கா?" என்று கேட்டுவைத்தார். வேறு ஊராக இருந்தால் வகுப்பு கம்மென்று இருந்திருக்கும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கையைத் தூக்கினோம். வீட்டில் கலர் டிவி இருக்கிறதா என்று கேட்டால் எப்படித் தூக்குவோமோ அப்படி. எல்லாருக்கும் முந்தித் தூக்கியவள் நான். "எங்கம்மாவுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு சார்" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன். பின் பெஞ்சில் இருந்த பையன் அதற்கும் மேலே போய், "எங்க வீட்டுல அஞ்சு பேருக்கு எட்டு ஓட்டு சார்" என்றான்.

சார் சாக்பீசைக் கீழே வைத்தார். "இது குற்றம். தெரியுமா உங்களுக்கு?"

ஒருவருக்கும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? எங்கள் ஊர் கோம்பையில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு மேலே கேரளம், ஏலத்தோட்டம். விடிகிற நேரத்தில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஓடிப்போய் ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாக மேலே போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் உலை கொதிப்பது மேலே கிடைக்கிற கூலியில்தான். என் அம்மாவும் அந்த ஜீப்பில் போகிறவள். அதோடு அவள் பிறந்ததே மேலேதான், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில். அவளைக் கீழே கட்டிக்கொடுத்தபோது மேலே அவளுக்கு ஓட்டு இருந்தது. கல்யாணம் ஆனதும் அப்பா கீழேயும் பேரைச் சேர்த்தார். மேலே உள்ளதை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தோன்றவும் இல்லை. பிறந்த வீட்டில் ஒரு ஓட்டு, புகுந்த வீட்டில் ஒரு ஓட்டு. முறைதானே?

மேலே ஒரு நாள், கீழே ஒரு நாள் என்று தேர்தல் வந்தால் அம்மா இரண்டிலும் போடுவாள். இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டால் காலையில் கீழே, மத்தியானம் மேலே. நாள் தள்ளி வந்தபோது, மேலே முதலில் வைத்த மை போகாமலே கீழே வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். ஒரு தடவை பூத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் விரலைப் பார்த்துவிட்டு, "மேல வச்சதாம்மா?" என்று விசாரித்து, பக்கத்து விரலில் மை வைத்து அனுப்பினாராம். அதை அம்மா வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் வளர்ந்தவளிடம் வந்து குற்றம் என்றால் எனக்கு என்ன விளங்கும்?

சார் சும்மா விடவில்லை. வகுப்புப் பாடத்தோடு களப்பணியும் உண்டு என்றார். அவரவர் தெருவுக்கு வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இறந்தவர் யார், ஊரை விட்டுப் போனவர் யார், இரண்டு இடத்தில் பேர் இருப்பவர் யார் என்று விசாரித்து எழுத வேண்டும். சொந்த வீட்டிலேயே யாருக்காவது இரண்டு இடத்தில் பேர் இருந்தால், ஒன்றை நீக்கச் சொல்லி மனுக்கொடுத்து, அதற்கான ரசீதோடு வர வேண்டும். இல்லாவிட்டால் களப்பணி நோட்டில் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாமல் நேர்முகத் தேர்வுக்கு விடமாட்டார்கள். நேர்முகத் தேர்வு இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் எனக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். விடியற்காலை ஜீப் இருக்கிறது.

பட்டியலைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டிலேயே, "எந்தக் கட்சியில இருந்து வந்திருக்க?" என்று கேட்டார்கள். காலேஜில் இருந்து என்றேன். "காலேஜும் தேர்தல்ல நிக்கிதா?" என்றார்கள். அடுத்த வீட்டுத் தாத்தா என் கையில் பேனாவைப் பார்த்ததும் பதறிப்போய், "ஏ தாயி, எம் பேரை அடிச்சிராத. பேரை அடிச்சா பென்சன் போயிரும். நான் உசுரோடதான் இருக்கேன், நல்லாப் பாத்துக்க" என்று எழுந்து நின்று காட்டினார். எங்கள் ஊரில் அந்தப் பட்டியலில் இருந்து பேரை எடுப்பது செத்தவர்களுக்கு மட்டும் செய்கிற காரியம். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சாயங்காலம் அம்மா ஜீப்பில் இருந்து இறங்கி, கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"குத்தமா? யாருடி சொன்னது?"

"எங்க சார் சொன்னாக."

"ஏன், அவுகளுக்கு அவுக ஊர்ல ஓட்டு இல்லையாமா?"

"இல்லம்மா. நாம எங்கன தூங்கி எந்திரிக்கிறமோ அங்கன மட்டுந்தான் ஓட்டு. சட்டம் அப்படி."

அம்மா தலைத்துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "தூங்குறது இங்கன. முழிச்சிருக்கிறது பூராம் அங்கன. அப்ப தூங்குறவளுக்குத்தான் ஓட்டா? முழிச்சிருக்கிறவளுக்குக் கெடையாதா?"

மறுநாள் சாரிடம் போய் அதையே கேட்டேன். அவர் புத்தகத்தைப் பிரித்து, "சாதாரணமாக வசிக்கும் இடம்" என்று விரல் வைத்துக் காட்டினார். "சாதாரணமான்னா எப்படி சார்? பகல்லயா, ராத்திரியிலயா?" என்றேன். அவர் அந்தப் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, "கீழதாம்மா, கீழதான் வரும். மேல உள்ளதை எடுக்கச் சொல்லு" என்றார். குரலில் அவ்வளவு உறுதி இல்லை. அட, சாருக்கே புரியவில்லையென்றால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

சிநேகிதி ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குக் கிறுக்காடி? எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் எழுதித் தொலை" என்றாள். கை தூக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். எட்டு ஓட்டுக்காரன் வீட்டில் திடீரென்று ஐந்து பேருக்கு ஐந்து ஓட்டு ஆகிவிட்டது. நானும் எழுதியிருப்பேன். ஆனால் நோட்டை நீட்டியதுமே சார், "நீதானே முதல்ல கை தூக்கினே? அம்மாவுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றார். என் வாயே எனக்கு எமன்.

உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மேல உள்ளதை எடுக்கணும்னா மேலதான் போகணும். அது வேற ஸ்டேட்டு, எங்களுக்குச் சம்பந்தமில்ல. கீழ உள்ளதை எடுக்கணும்னா சொல்லு, இப்பவே மனுவ வாங்கிக்கிறேன்" என்றார். ஏதோ கடையில் இரண்டு சாமான் இருக்கிறது, ஒன்று இன்றைக்குக் கிடைக்கும், இன்னொன்றுக்கு அலைய வேண்டும் என்பது மாதிரி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப கீழ உள்ளதையே எடுத்துரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையை உதறினார். அப்பா தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்குக் கத்தினார். "என்ன பேச்சுப் பேசுற? லிஸ்டுல பேரு இல்லேன்னா ஊர்ல என்ன நெனப்பாக? நான் என்ன பொண்டாட்டி செத்தவனா? ரெண்டு காலு இருக்குல்ல, ரெண்டு ஓட்டு இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" பிறகு என்னைப் பார்த்து, "உன் காலேஜுல வேற பாடமே கெடையாதா?" என்றார்.

நான் அம்மாவிடம் திரும்பினேன். "மேல உள்ளதை விட்டாத்தான் என்னம்மா? நீ இருக்கிறது இங்கன. உனக்கு அங்கன என்ன இருக்கு?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று பட்டது. அம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அதாண்டி. அங்கன எனக்கு ஒண்ணுமில்ல. அய்யா போயிட்டாக. அம்மாவும் போயிருச்சு. லயத்துல அண்ணன் குடும்பம் இருக்கு. எனக்குன்னு அங்கன ஒரு கரண்டி கெடையாது. கீழ உள்ள லிஸ்டுல உங்கப்பன் பேரைப் போட்டு அவுக பொண்டாட்டின்னு இருக்கு. மேல உள்ள லிஸ்டுல எங்கய்யா பேரைப் போட்டு அவுக மகள்னு இருக்கு. எங்கண்ணன் பேரு, அதுக்குக் கீழ எம் பேரு. ஒரே வீட்டு நம்பரு. ஓட்டுக்கு ஓட்டு நான் அந்த வீட்டு ஆளா போறேன். அதையில்ல எடுக்கச் சொல்ற?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஓட்டு என்ன சீதனமா, பொறந்த வீட்டுல இருந்து தூக்கிட்டு வர்றதுக்கு?" என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன். எனக்கு எரிச்சல். இவ்வளவு வருடம் பஸ் மாறி மாறிப் போய்ப் படித்துவிட்டு, ஒரு லிஸ்டில் இருக்கும் ஒரு வரிக்காகப் பட்டம் போய்விடுமோ என்று பயம். அம்மா சொல்வதும் நியாயமாக இருந்தது, சார் சொல்வதும் நியாயமாக இருந்தது, அப்பா கத்தியதும்கூட நியாயமாகத்தான் இருந்தது. எல்லாமே நியாயமாக இருந்தால் மனுஷி எந்தப் பக்கம் போவாள்? பாயில் படுத்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்றும் தெரியவில்லை.

அதன்பிறகு அம்மா என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள், தலை வாரிவிடுவாள், ஆனால் ஓட்டுப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். நோட்டில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் வீம்பாகக் கேட்காமல் இருந்தேன்.

ஒரு நாள் விடியற்காலை வழக்கம்போல ஜீப் வந்து நின்றது. அம்மா தூக்குச்சட்டியோடு போனாள். நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைக் காட்டி, "என்னக்கா, ஆளு பத்தாம தோட்டத்துல கத்துறாக. படிப்புத்தான் முடியப் போகுதுல்ல, மகளையும் ஏத்திவிடு. ரெட்டைக் கூலியாப் போச்சு" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். அவர் நல்ல மனுஷர், எத்தனையோ நாள் அம்மாவுக்காகக் காத்திருந்து ஏற்றிப் போயிருக்கிறார்.

அம்மா ஒரு காலை ஜீப்பில் வைத்திருந்தவள், அதைக் கீழே எடுத்தாள். "எம் மக இதுல ஏறமாட்டா. நீ போ" என்றாள். ஜீப் போய்விட்டது. அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்து தூக்குச்சட்டியை இறக்கி வைத்தாள்.

"எங்கடி அந்தத் தாளு?"

"எந்தத் தாளும்மா?"

"பேரை எடுக்கிற தாளு. கெளம்பு, மேல போவோம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால், "அம்மா, வேணாம்னா விட்ருவோம்" என்று நானே சொன்னேன். "பேசாம வா" என்றாள்.

கம்பம் போய்ப் பஸ் மாறி மேலே ஏறினோம். தினமும் போகிற மலையில் அன்றைக்கு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள். மேலே அவர்கள் தாலுகா ஆபீசில் கூட்டம் அதிகம் இல்லை. கண்ணாடி போட்ட ஒருவர் மனுவை வாங்கிப் படித்தார். பேரைச் சேர்க்க வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது. தானாகவே வந்து எடுக்கச் சொன்னவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சேச்சி, உறப்பாணோ?"

நிச்சயம்தானா என்று கேட்கிறார். மலையாளம் அம்மாவுக்குத் தண்ணி பட்ட பாடு. "உறப்பு சாரே" என்றாள். ஆனால் கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் என்னிடம் குனிந்து, "காரணம்னு ஒரு எடம் இருக்கே, அதுல என்ன எழுதியிருக்க?" என்று கேட்டாள்.

"இடம் மாறிட்டாருன்னு எழுதியிருக்கேம்மா."

"இப்பத்தானா மாறுனேன்?" என்றாள். அதை என்னிடம் கேட்டாளா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாளா, தெரியவில்லை. பேரை எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரசீதை வாங்கி மடித்து என் கையில் கொடுத்தாள். அங்கிருந்து லயம் ஒன்றும் ரொம்பத் தூரம் இல்லை. மாமா வீட்டுக்குப் போய்விட்டுப் போவோமா என்று கேட்டேன். "இன்னைக்கு வேணாம்" என்றாள்.

சார் ரசீதைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டார். வகுப்பு முழுக்கக் காட்டினார். "இவங்கதான் உண்மையான குடிமகள்" என்றார். பின் பெஞ்சில் எட்டு ஓட்டுக்காரன் கை தட்டினான். எனக்குத் தரையைப் பார்ப்பதா, சாரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. நேர்முகத் தேர்வுக்கு வெளியில் இருந்து வந்தவர், ஒருவர் எந்த அடிப்படையில் ஓர் ஊரின் வாக்காளர் ஆகிறார் என்று கேட்டார். சாதாரணமாக அங்கே வசிப்பதால் என்று சொன்னேன். "வெரி குட்" என்றார். அவ்வளவுதான், தேறிவிட்டேன். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நான் தொலைந்திருப்பேன்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. அந்தக் கோடையில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. மேலே முதலில், கீழே ஒரு மாதம் கழித்து. மேலே தேர்தல் நடந்த அன்று காலையில் அம்மா தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது.

"எங்கம்மா கெளம்பிட்ட? உனக்குத்தான் அங்கன பேரு இல்லையே?"

"தெரியும்டி. ஓட்டு இல்லேன்னா அண்ணன் வீட்டுக்குப் போகக் கூடாதா? போகலேன்னா கோவிச்சுக்கிட்டேன்னு நெனப்பாக."

நானும் வரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். பூ வாங்கி வைத்துக்கொண்டு போனாள். எப்போதும் மேலே ஓட்டுப் போடப் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். அன்றைக்கு வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். விரலில் மை இல்லை. வந்தவள் சேலையை மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"மாமா ஏதும் சொன்னாகளா?"

"பேரை எடுத்துட்டியாம்ல, ஆபீசுல இருந்து வந்து விசாரிச்சுட்டுப் போனாகன்னான். ஆமான்னேன். மகளுக்குப் படிப்புல அப்படி ஒரு சட்டம் அண்ணேன்னு சொன்னேன். சரின்னுட்டான்."

"கோவமா இருந்தாகளா?"

"சே, கோவமெல்லாம் இல்ல. நல்லாத்தான் கவனிச்சாக. கோழி அடிச்சு வச்சிருந்தாக. காப்பி குடுத்தாக."

"பெறகென்ன, ஏன் இப்படி உக்காந்திருக்க?"

அம்மா தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எப்பயும் நான் போனா ஒருத்தரும் வான்னு சொல்லமாட்டாகடி. நான் பாட்டுக்குச் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிருவேன். இன்னைக்கு வாசல்ல காலு வைக்கவும் மதினி ஓடியாந்து, வாங்க வாங்கன்னு சொல்லி, நாற்காலிய எடுத்துப் போட்டாக."

அவர்கள் எல்லாரும் பூத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்வரை அதில்தான் உட்கார்ந்திருந்தாளாம்.